தண்டுவடம் அடிபட்ட பின் பசி: வயிற்றின் பேச்சை எவ்வளவு நம்பலாம்?

தண்டுவடத்தில் அடிபட்டு ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய புதிதில், சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் கேட்பது கெஞ்சல் குரல்தான். "இன்னும் ரெண்டு வாய், போதும்." "மாத்திரை போடணுமே, அதுக்காவது கொஞ்சம் சாப்பிடு." தட்டில் பாதி அப்படியே திரும்பிப் போகும். ஒன்றரை, இரண்டு வருடம் கழித்துப் பேச்சு வேறாகியிருக்கும். "வெயிட் ஏறிக்கிட்டே போகுது, கட்டில்லேருந்து நாற்காலிக்கு மாத்தவே முடியல." இப்போது தட்டு சுத்தமாகக் காலியாகிறது. கவலையும் அதுதான்.

சாப்பிடுகிறவர் அதே ஆள், பரிமாறுகிறவரும் அதே ஆள். நடுவில் என்ன நடந்தது?

பசித்தால் உடம்புக்கு வேண்டும், வயிறு நிறைந்தால் போதும் என்று பசியை ஓர் அளவுகோலாக நம்பியே நாம் வளர்ந்திருக்கிறோம். தண்டுவடக் காயத்துக்குப் பிறகு அந்த அளவுகோல் பிசகிவிடுகிறது. முதல் சில மாதங்கள் தேவையைக் குறைத்துக் காட்டும். அப்புறம் வருடக்கணக்கில் கூட்டிக் காட்டும். இந்த இரண்டாவது பிசகு மெதுவாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

செய்தி எந்த வழியாகப் போகிறது

தண்டுவடம் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இறங்கும் நரம்புக் கற்றை. சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மூளையின் அடியில் தொடங்கி, பெரியவர்களுக்கு இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே 6. அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள உடம்புக்கும் மூளைக்கும் இடையிலான போக்குவரத்து குறைகிறது, அல்லது நின்றே போகிறது.

அப்படியானால் கழுத்தில் அடிபட்டவருக்குப் பசியே தெரியாதா? வயிறு கழுத்துக்குக் கீழேதானே இருக்கிறது? நியாயமான கேள்வி. ஆனால் தெரியும். பசிச் செய்தி மூளைக்குப் போகும் முக்கியமான இரண்டு வழிகள் தண்டுவடத்தைத் தொடுவதே இல்லை.

முதலாவது வேகஸ் நரம்பு. இது மூளையின் அடிப்பகுதியிலிருந்து நேரடியாகக் கிளம்பி, கழுத்து வழியாக இறங்கி, மார்பைக் கடந்து இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. மூளையிலிருந்து குடலுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு என்றுதான் பலர் நினைப்பார்கள். உண்மையில் இதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி சொல்பவை. இரைப்பை விரிகிறது, நிறைந்துவிட்டது என்பதெல்லாம் இந்த வழியில்தான் போகிறது. தண்டுவடம் முழுவதும் துண்டிக்கப்பட்டிருந்தாலும் இந்தப் பாதை பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

இரண்டாவது வழி ரத்தம். இரைப்பை காலியாக இருக்கும்போது கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து பசியைத் தூண்டுகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பே, 1994இல், ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வுக்குழு லெப்டினைக் கண்டுபிடித்திருந்தது. இது உடம்பின் கொழுப்பிலிருந்து சுரந்து "சேமிப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது. ரத்தம் ஓடுகிற வரை இந்தச் செய்திகளும் ஓடும்.

பின் எதுதான் தொலைகிறது? அதற்கு 1912ஆம் ஆண்டின் ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனனுக்கு வாஷ்பர்ன் என்று ஒரு மாணவர். அவர் ஒரு ரப்பர் பலூனை விழுங்கி, அதை இரைப்பைக்குள் ஊதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரைப்பை சுருங்கினால் பலூன் அமுங்கி அது காகிதத்தில் பதிவாகும். பசி கிள்ளும்போதெல்லாம் அவர் ஒரு விசையை அழுத்துவார். இரண்டு பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், வயிற்றைக் கிள்ளும் அந்த உணர்வு இரைப்பையின் சுருக்கத்தோடு ஒத்துப்போனது. பசி என்றால் இந்தச் சுருக்கம்தான் என்று கேனன் முடிவுக்கு வந்தார். அவ்வளவு சுலபமில்லை என்று பின்னால் தெரிந்தது. இரைப்பையையே எடுத்துவிட்டவர்களுக்கும் பசிக்கிறது. ஆனாலும் அந்தக் 'கிள்ளல்' உண்மை.

வயிற்றின் வலி, பிசைவு, முறுக்கு போன்றவற்றைச் சுமக்கும் நரம்புகள் பெரும்பாலும் மார்புப் பகுதியின் நடுவில் தண்டுவடத்துக்குள் நுழைகின்றன. அதற்கு மேலே அடிபட்டால் இந்த உணர்வுகள் மங்கிவிடும். பசி இருக்கும், அதன் கிள்ளல் இருக்காது. சிலருக்குப் பசி என்பது இப்போது தலை லேசாக இருப்பது, காரணமில்லாத எரிச்சல், சாப்பாட்டைப் பற்றியே ஓடும் நினைப்பு என்று வேறு உருவத்தில் வரும். வயிறு நிறைந்ததும் அப்படித்தான். மூச்சு கனக்கும், வியர்க்கும், மயிர்க்கூச்செறியும். புது மொழி கற்கிற மாதிரி இதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும்.

கழுத்திலோ மேல் மார்பிலோ அடிபட்டவர்களுக்கு இன்னொன்றும் நடக்கலாம். இரைப்பை காலியாக வழக்கத்தைவிட அதிக நேரம் பிடிக்கும். காலையில் சாப்பிட்டதே பாக்கியிருக்கும்போது மதியம் எப்படிப் பசிக்கும்? நாலு வாய்க்குள் "போதும்" என்று தட்டைத் தள்ளுகிறவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பசி வராத மாதங்கள்

அடிபட்ட உடனே, தண்டுவட அதிர்ச்சி என்ற நிலையில், குடல் அசைவே சில நாட்களுக்கு நின்றுபோவது வழக்கம். அந்த நாட்களில் வாய்வழி உணவு கிடையாது. குடல் மறுபடி அசையத் தொடங்கியதும் குழாய் வழியாகவோ கொஞ்சம் கொஞ்சமாக வாய் வழியாகவோ உணவு தொடங்குவார்கள்.

இதே காலத்தில் செயலிழந்த தசைகள் வேகமாகக் கரைகின்றன. தொடையின் சுற்றளவு குறைவது ஆறு வாரத்துக்குள் கண்ணுக்கே தெரியும். இதைப் பார்த்துப் பதறி, நிறையச் சாப்பாடு கொடுத்தால் தசை திரும்பிவிடும் என்று வீட்டில் நினைப்பார்கள். திரும்பாது. நரம்பின் தூண்டுதல் இல்லாத தசை, எவ்வளவு புரதம் கொடுத்தாலும் ஓரளவு கரையத்தான் செய்யும். இந்தக் கட்டத்தில் உணவின் வேலை காயம் ஆறவும் கிருமிகளோடு போராடவும் தோலைக் காப்பாற்றவும் கைகொடுப்பது.

பசியைக் கொல்லும் காரணங்கள் இந்தக் கட்டத்தில் வரிசை கட்டி நிற்கும். வலிக்குத் தரும் ஓபியாய்டு மருந்துகள் குமட்டலும் மலச்சிக்கலும் தரும். ஆன்டிபயாட்டிக்குகள் வாயின் ருசியைக் கெடுக்கும். சிறுநீர்ப்பைக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்திவிடும். உலர்ந்த வாயில் எதைப் போட்டாலும் மண்தான். கழுத்தில் முன்பக்கமாக அறுவை நடந்திருந்தாலோ, மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டிருந்தாலோ, விழுங்குவதே சிரமமாகலாம். கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள், எத்தனை வாய் இறங்குகிறது என்று தெரியும். இதற்கெல்லாம் மேலே மனச்சோர்வு. வாழ்க்கை ஒரு நிமிடத்தில் புரண்டுபோனவரிடம் "ஏன் பசிக்கல?" என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் கொடுமையாகவே படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாட்டில் மட்டுமல்லாமல் எதிலுமே நாட்டமில்லை என்றால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாத காரணம் மலச்சிக்கல்தான். கீழே வழி அடைத்திருந்தால் மேலே பசி வராது. மூன்று நான்கு நாளாகப் பசியில்லை என்றால், பசியைத் தூண்டும் டானிக் தேடுவதற்கு முன்பு கடைசியாக எப்போது சரியாக மலம் போனது என்று பார்க்க வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ரத்தத்தில் கால்சியம் கூடுவது. உடல் எடையைத் தாங்காத எலும்புகள் கால்சியத்தை ரத்தத்தில் கொட்டத் தொடங்கும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும், அதிலும் கழுத்தில் அடிபட்டவர்களுக்கு, காயம்பட்டு நாலு முதல் எட்டு வாரத்துக்குள் இது வருவது அதிகம். பசியின்மை, குமட்டல், தாகம், அடிக்கடி சிறுநீர், எதிலும் பிடிப்பில்லாத மந்தம் என்று வரும். பார்த்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். இன்னொன்று, சட்டென்று மிகவும் மெலிந்துபோனவர்களுக்கு வருவது. வயிற்றுக்குள் ஒரு பெரிய ரத்தக்குழாய்க்குக் கீழே மெத்தை போல இருந்த கொழுப்பு கரைந்துபோய், அந்த இடைவெளியில் ஓடும் சிறுகுடலின் முதல் பகுதி நசுங்கும். மல்லாந்து படுத்துச் சாப்பிட்டால் வாந்தி வரும், இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் தணியும். அபூர்வம்தான். ஆனால் "வேணும்னே வாந்தி எடுக்கிறான்" என்ற பழி விழக்கூடிய இடம் இது.

பிறகு பசி திரும்புகிறது

ஒருநாள் "பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்கிறார். வீடே குளிர்ந்துபோகிறது. அதுவரை கெஞ்சிக் கெஞ்சி ஊட்டிய கை இரட்டிப்பாகப் பரிமாறுகிறது. சிக்கல் தொடங்குவது இந்த நல்ல நாளில்தான்.

ஏனென்றால் உடம்பின் செலவுக் கணக்கு மாறிவிட்டது. சும்மா இருக்கும்போதும் கலோரியை எரிப்பதில் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் பாதியோ அதற்கு மேலோ ஓய்ந்துவிட்டது. நடை இல்லை, நிற்பதில்லை, உட்கார்ந்த இடத்தில் காலாட்டுவதுகூட இல்லை. உணவியல் வல்லுநர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. காயம் ஆறி நிலைப்பட்ட பிறகு, கால்கள் மட்டும் செயலிழந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு சுமார் 28 கலோரி. கை, கால் எல்லாம் செயலிழந்தவருக்கு சுமார் 23 கலோரி. 60 கிலோ உள்ளவர் என்றால் முதலாமவருக்கு ஏறக்குறைய 1,680, இரண்டாமவருக்கு 1,380. அடிபடுவதற்கு முன்பு ஓடியாடி வேலை செய்து 2,400 கலோரி சாப்பிட்டுப் பழகியவருக்கு இது எவ்வளவு பெரிய வெட்டு என்று பாருங்கள். தோராயம் என்பதையும் மறக்க வேண்டாம். படுக்கைப்புண்ணோ காய்ச்சலோ இருந்தால் தேவை கூடும், கடுமையாகப் பயிற்சி செய்கிறவருக்கும் கூடும்.

செலவு இவ்வளவு குறைந்தும் பசி அதே அளவுக்குக் குறைவதில்லை. வயிறு பழைய கொள்ளளவுக்குப் பழகியது, நாக்கு பழைய ருசிக்குப் பழகியது, கடிகாரம் பழைய வேளைக்குப் பழகியது. லெப்டினாவது "சேமிப்பு போதும்" என்று சொல்லித் தடுக்காதா? கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடத்தான் செய்கிறது. ஆனால் அது நெடுநாள் உயர்ந்தே இருந்தால் மூளை அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பருமனான எவருக்கும் நடப்பதுதான் இது. நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் சிலருக்குப் பசியையும் எடையையும் கூட்டும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது. சட்டென்று நிறுத்தினால் வேறு தொல்லை வரும். மருத்துவரிடம் பேசினால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்.

அப்புறம் சும்மா இருப்பது. ஒரு நாளில் என்ன நடக்கும் என்று கேட்டால் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, ராச்சாப்பாடு என்றுதான் பல வீடுகளில் பதில் வரும். நாளில் எதிர்பார்க்க வேறொன்றும் இல்லாதபோது சாப்பாடு வெறும் சாப்பாடாக இருப்பதில்லை. பார்க்க வருகிறவர்களும் தின்பண்டத்தோடு வருவார்கள். இதில் யாரைக் குறை சொல்ல? கலோரிக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர்கள், அந்த நாளை நிரப்ப வேறு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

எடை கூடிவிட்டதா என்று கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. கால்கள் மெலிந்துகொண்டே போகும், வயிறும் இடுப்பும் பெருத்துக்கொண்டே போகும், தராசு முள் சில காலம் நகராமலே இருக்கும். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கில் உலகப் பொது அளவில் 30க்கு மேல் போனால்தான் உடல்பருமன். தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கு 22லேயே அந்த எச்சரிக்கை மணி அடித்துவிடுகிறது. அதே எடையில் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதுதான் காரணம். சர்க்கரை நோயும் இதய நோயும் வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். அதே சமயம், பிதுங்கி நிற்கும் வயிறெல்லாம் கொழுப்பும் இல்லை. வயிற்றுத் தசைகள் தளர்ந்துபோனால், மெலிந்தவருக்கும் உட்காரும்போது வயிறு முன்னால் தள்ளும். எவ்வளவு பட்டினி கிடந்தாலும் அது உள்ளே போகாது. அதற்காகப் பட்டினி கிடந்து படுக்கைப்புண்ணை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

தட்டில் என்ன மாறும்

"பாதியாகக் குறை" என்பது சுலபமான அறிவுரை, மோசமான அறிவுரையும்கூட. கலோரித் தேவை குறைந்தாலும் புரதம், வைட்டமின், தாது உப்புகளின் தேவை குறையவில்லை. புண் எதுவும் இல்லாதபோது கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோவுக்கு 48 முதல் 60 கிராம். ஆழமான படுக்கைப்புண் இருந்தால் இது 1.5 முதல் 2 கிராம் வரை உயரலாம். சிறுநீரகத்தில் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. ஆக, குறைக்க வேண்டியது எண்ணெயையும் சர்க்கரையையும் மாவுச்சத்தின் குவியலையும். பருப்பு, முட்டை, மீன், பால், காய்கறி எல்லாம் தட்டில் இருக்கட்டும். சர்க்கரை கரைத்த பானங்களை முதலில் நிறுத்தலாம், அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரே வேளையில் நிறையச் சாப்பிடுவதைவிடச் சிறிய வேளைகளாகப் பிரிப்பது நல்லது. மேல்மட்டக் காயம் உள்ளவர்களுக்கு, அதாவது கழுத்திலோ மேல் மார்பிலோ அடிபட்டவர்களுக்கு, இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய சாப்பாட்டுக்குப் பின் ரத்தம் குடலுக்குப் போகும். மற்ற ரத்தக்குழாய்களைச் சுருக்கி அதை ஈடுகட்டும் வழி இவர்கள் உடம்பில் அறுபட்டிருக்கும். அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சாப்பிட்ட உடனே கண் இருட்டுகிறது என்றால் அடுத்த முறை பாதி தட்டு, மீதி இரண்டு மணி நேரம் கழித்து.

நாரும் நீரும்

மலச்சிக்கலா, நார்ச்சத்து சாப்பிடு என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். இங்கே அது அப்படியே பலிப்பதில்லை. 1996இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு நார்ச்சத்தைக் கூட்டியபோது, பெருங்குடலில் கழிவு நகரும் நேரம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. யோசித்தால் புரியும். நார் பருமனைத்தான் கூட்டும். தள்ளுகிற வேகம் இல்லாத குடலில் பருமனைக் கூட்டினால் நெரிசல்தான். அதனால் நாளுக்கு 15 கிராம் அளவில் தொடங்கி, மலம் எப்படி இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மெல்லக் கூட்டுவார்கள்.

காயத்தின் மட்டத்தைப் பொறுத்து இலக்கும் மாறும். தண்டுவடத்தின் அடிநுனிக்கு மேலே அடிபட்டால் ஆசனவாய்த் தசை இறுகியிருக்கும். அங்கே மலம் மிருதுவாகவும் உருவத்தோடும் இருக்க வேண்டும். தண்டுவடத்தின் அடிநுனியிலோ அதற்குக் கீழே உள்ள நரம்புக் கொத்திலோ அடிபட்டால் அந்தத் தசை தளர்ந்திருக்கும். அங்கே மலம் சற்றுக் கெட்டியாக இருந்தால்தான் கசியாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஒத்துக்கொண்ட உணவு உங்களுக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு இது ஒரு விடை.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும் ஓர் அனிச்சைச் செயல் உண்டு. சாப்பாடோ சூடான பானமோ உள்ளே போய் 20 முதல் 30 நிமிடத்தில் அது உச்சத்தில் இருக்கும். மலம் கழிக்கும் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொண்டால் வேலை சுலபமாகும். அதற்குச் சாப்பாட்டு நேரம் தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பசித்தபோது சாப்பிடுகிறேன் என்கிறவருக்கு இது கைகூடாது.

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. வெளியே போக வேண்டும், வழியில் கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) வைக்க இடம் கிடைக்காது, எனவே காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் விலையாகச் சிறுநீர்க் கல்லும் சிறுநீர்த் தொற்றும் கல் போன்ற மலமும் வரும். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் வைப்பவர்கள், ஒவ்வொரு முறையும் 500 மில்லிக்குள் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பலருக்கு நாளுக்கு 2 லிட்டர் அளவு இதற்குள் அடங்கிவிடும். மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடிக்காமல் பகல் முழுக்கப் பரப்பிக் குடித்து, ராத்திரி படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே நிறுத்திக்கொள்வது நடைமுறை.

கையும் வாயும்

எவ்வளவு பசி இருந்தாலும் கை வாய்க்குப் போக வேண்டுமே. கழுத்தின் ஐந்தாம் நரம்பு மட்டம் (சி5) வரை தப்பியவருக்கு முழங்கை மடங்கும், விரல் பிடிக்காது. உள்ளங்கையைச் சுற்றி மாட்டும் ஒரு பட்டை உண்டு. அதிலிருக்கும் பையில் ஸ்பூனைச் செருகினால் தானே எடுத்துச் சாப்பிடலாம். விளிம்பு உயர்ந்த தட்டு இருந்தால் உணவு வெளியே வழியாது. ஆறாம் மட்டம் (சி6) வரை தப்பியிருந்தால் மணிக்கட்டை உயர்த்த முடியும். அப்படி உயர்த்தும்போது விரல்கள் தாமாகவே மடங்கி ஒரு பிடி கிடைக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதையெல்லாம் பழக்கித் தருவார். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கலாம், பாதியில் களைப்பு வந்துவிடலாம். "போதும்" என்று அவர் சொல்வது வயிற்றைப் பற்றியா, தோளைப் பற்றியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொருவர் ஊட்ட வேண்டிய நிலையில் இருப்பவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அடுத்த வாய் எப்போது, எவ்வளவு, எதைத் தொட்டு என்பதெல்லாம் இன்னொருவர் கையில். நின்றுகொண்டு, டிவியைப் பார்த்துக்கொண்டு ஊட்டினால் பாதிப் பசி அங்கேயே செத்துவிடும். எதிரே, கண்மட்டத்தில் உட்காருங்கள். முந்தைய வாய் இறங்கியதா என்று பாருங்கள், அடுத்தது எது என்று கேளுங்கள். இதில் மரியாதை மட்டும் இல்லை, பாதுகாப்பும் இருக்கிறது. வயிற்றுத் தசை செயலிழந்தவருக்கு இருமல் வலுவாக வராது. புரையேறினால் உணவு நுரையீரலுக்குப் போய்விடலாம். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றே தாழ்த்தி விழுங்குவது நல்லது. சாப்பிட்டதும் படுக்க வேண்டாம்.

சூடான தட்டையோ கோப்பையையோ மடியில் வைக்கவே வேண்டாம். உணர்ச்சியில்லாத தொடை வெந்தாலும் சொல்லாது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தெரியவரும்.

வயிறு வேறு மொழியில் பேசும்போது

குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல் போன்றவை வந்தால் சாதாரணமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துவோம். மேல்மட்டக் காயம் உள்ளவருக்கு அந்த வலி தெரியாமல் போகலாம். இவர்களுக்குப் பித்தப்பைக் கல் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது வயிறு உப்புவது, காய்ச்சல், கால்களில் இழுப்பு கூடுவது, தோள்பட்டையில் ஒரு வலி. சில சமயம் பசியின்மை மட்டும்தான். ஆறு மாதமாக ஒழுங்காகச் சாப்பிட்டவர் திடீரென்று தட்டைத் தள்ளினால் அதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்பின் ஆறாம் மட்டத்திலோ (டி6) அதற்கு மேலோ அடிபட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்தாலோ, மலம் இறுகி அடைத்தாலோ, ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறிவிடலாம். ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா என்பார்கள். மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், நாடி மெதுவாவது இவையெல்லாம் அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடைகளைத் தளர்த்துங்கள், கத்தீட்டர் குழாய் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தணியவில்லை என்றால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டும். அழுத்தம் மூளையில் ரத்தக் கசிவு வரை கொண்டுபோகலாம்.

கடைசியாக எடை. பசி சரியாகச் சொல்லாததால் தராசிடம் கேட்க வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய தராசு புனர்வாழ்வு மையங்களில் இருக்கும். மாதம் ஒருமுறை போதும், ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில். நாற்காலியோடு எடை பார்த்து, வெறும் நாற்காலியின் எடையைக் கழித்துவிட வேண்டும். அந்தக் கழிக்கும் எண்ணை நாற்காலியின் முதுகுப் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். குஷனை மாற்றினால் எண்ணையும் மாற்ற வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு இரண்டு கிலோ கூடிவிட்டதாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள், கூடியது குஷன்.